எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டேன்

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் உச்சிக்கால பூஜைக்கு மின்சார மேளத்தைப் போட்டார்கள். காதைப் பிளக்கும் சத்தம். இடுப்பில் இருந்த பிள்ளைகளெல்லாம் வீரிட்டு அழுதன. என் மகள் தர்ஷினி மட்டும் மேளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். இவளுக்குக் காது கேட்கவில்லையோ?

ஆலங்குடிப் பக்கம் கடலை விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அப்போது அவளுக்கு ஒன்றேகால் வயது. அதற்கு முந்தின வாரம்தான் அங்கன்வாடி டீச்சர் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, வீட்டில் பிள்ளையைக் கவனித்து நிரப்பச் சொல்லியிருந்தார். பெயர் சொன்னால் திரும்புகிறதா? ஏதாவது ஒரு வார்த்தை சொல்கிறதா?

எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானால்கூட 'இல்லை' என்று சொல்ல மாட்டோம், 'நிறைந்திருக்கிறது' என்போம். பச்சைப் பிள்ளையின் பெயருக்குக் கீழே 'இல்லை' என்று போட எனக்குக் கை வரவில்லை. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். புத்தி கெட்டவள் நான்!

கோயிலிலிருந்து வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். ம்ஹூம். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சும்மா கெட. எங்க அண்ணன் மூணு வயசுலதான் பேசுனாரு" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லவும் பயம். ஊமைப் பிள்ளை என்று ஊர் பெயர் வைத்துவிடுமே! சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு அம்மன் முன்னால் நின்று கதறினேன். "ஆத்தா, பொய் சொல்லிட்டேன். மாத்திச் சொல்ல வாய் வரல. நீயே ஒரு வழியக் காட்டு."

திங்கட்கிழமை டீச்சரே வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, கையெழுத்தே போடாமக் குடுத்திருக்கீங்க?"

கையெழுத்தை மறக்க வைத்து ஆத்தாதான் வழி காட்டியிருக்கிறாள் என்று பட்டது. "டீச்சர், அதுல இருக்கது அம்புட்டும் பொய்" என்று உடைந்து அழுதேன்.

அவர் புதிய தாளை எடுத்தார். "அழுவாதீங்க. பிள்ளையக் குத்தம் சொல்ற தாளில்ல இது. யாரச் சீக்கிரம் டாக்டர்ட்ட காட்டணும்னு பாக்கத்தான்."

அந்த வாரமே புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவளைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள். ஒன்றும் இருக்கக்கூடாது தாயே என்று வேண்டியபடியே இருந்தேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்றார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இந்த வயசுலயே கூட்டிட்டு வந்துட்டீங்க. காதுல மிஷின் வச்சுப் பயிற்சி குடுத்தா பேச்சு வரும்மா" என்றார் டாக்டர்.

மிஷின் பொருத்திய அன்று அவளுக்குப் பின்னால் நின்று "தர்ஷினி" என்றேன். விளையாடிய கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி என் வாயையே பார்த்தாள். தாயே! அந்தப் பார்வைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இன்று அவளுக்கு இரண்டரை வயது. ஏழெட்டு வார்த்தை சொல்கிறாள். என் பயம் முழுதாகப் போகவில்லை, ஆனால் இனிப் பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தாய்மாரே, அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால் அம்மனுக்கு முன்னால் உட்கார்ந்து நிரப்புங்கள். அவளுக்குத் தெரியாததா? உள்ளதைச் சொல்லுங்கள், அவள் கைவிட மாட்டாள்.