திட்டு வாங்க ஓர் ஆள்

பம்பு செட் கம்பெனியில் கணக்கு எழுதுபவர் அவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை காத்திருக்கும். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றைத் தங்கைக்காகச் செய்துகொண்டிருந்தார். தங்கைக்குப் பார்வைதான் போயிருந்தது, வாய் போகவில்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில், போனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்லும் உத்தியோகம். திரையை யாராவது படித்துச் சொன்னால்தான் பிழைப்பு ஓடும்.

தொடக்கத்தில் அந்தக் குரல், ஜலதோஷம் பிடித்தவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. ஒருநாள் தங்கை அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டாள்.

"உன் ஆளு, ஒருத்தர் செத்த தேதியை போன் நம்பர்னு படிச்சுட்டான்ணா. நானும் அவர் சம்சாரத்துக்கிட்ட, இந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசுங்கம்மான்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

அன்றே சரிசெய்து கொடுத்தார். அவள் திட்டத் திட்ட மென்பொருளுக்குப் புத்தி வந்தது.

அதை இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்தார். யாரும் உள்ளே புகுந்து திருத்தலாம், தங்கள் சரக்கோடு கலந்து விற்றாலும் ஆட்சேபணை இல்லை என்று தாராளமாக எழுதியும் வைத்தார். பார்வை மங்கிய தன் மாமனாருக்காக எங்கிருந்தோ ஒரு மாட்டு டாக்டர் வந்து சேர்ந்தார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. கடிதப் போக்குவரத்திலேயே பங்காளிகள்போலச் சண்டை போட்டுக்கொண்டு மென்பொருளை வளர்த்தார்கள்.

பிறகு ஒரு பெரிய கம்பெனி வந்தது. தங்கள் கருவிகளில் இதைச் சேர்த்துக்கொள்கிறோம், பதிலுக்கு மூன்று பேரைச் சம்பளம் கொடுத்து இதற்கென்றே போடுகிறோம் என்றது. இந்த இடத்தில் வில்லனைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். சொன்னதைச் செய்தார்கள். குரல் தேனாக மாறியது. அண்ணனும் நண்பரும் ஆயுசுக்கும் முடித்திருக்க முடியாத வேலையெல்லாம் மளமளவென்று முடிந்தது. அண்ணன் பெருமையில் மிதந்தார். பிறகு, சாப்பிட்டதும் தூங்கப் பழகிக்கொண்டார்.

மாட்டு டாக்டர் வழக்கம்போல ஒரு திருத்தம் அனுப்பினார். "தங்கள் மேலான பங்களிப்புக்கு நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று மரியாதையாகப் பதில் வந்தது. சண்டை போட ஆளில்லாத இடத்தில் அவருக்கென்ன வேலை? மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். தங்கையும் குறைகளைக் கம்பெனிக்கே எழுதத் தொடங்கினாள்.

சில வருடம் கழித்துக் கம்பெனிக்குப் புது நிர்வாகம் வந்தது. மூவரையும் வேறு பிரிவுக்கு மாற்றியது. அதன்பின் தங்கையின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் புதுப்பித்தார்கள். புதுசுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் மென்பொருள் ஊமையாகிவிட்டது. மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்றார் மேலாளர். அதற்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லாமலே புரியவைத்தார்.

அண்ணன் மென்பொருளுக்கு உள்ளே போய்ப் பார்த்தார். அவர் கட்டிய ஓட்டு வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. முதல்முறையாக மாட்டு டாக்டரைப் போனில் பிடித்தார்.

"நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார் டாக்டர்.

"நானும் அவங்க பாத்துக்குவாங்கன்னுதான்..." என்று இழுத்தார் இவர்.

இருவரும் அதைச் சரிசெய்ய முட்டி மோதினார்கள். மாதக் கடைசி வந்தது, குரல் வரவில்லை. இன்சூரன்ஸ் அலுவலகம் இரக்கப்பட்டு, அதே பெரிய கம்பெனி காசுக்கு விற்கும் மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டது. அதன் வயிற்றுக்குள் இருப்பது அண்ணன் எழுதியதுதான். இப்போது அதைத் திறந்து பார்க்க அவருக்கே அனுமதியில்லை. கம்பெனி வராவிட்டால் இது வளர்ந்தே இருக்காது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். அதைச் சொல்லும்போது முகம் மட்டும் ஒத்துழைப்பதில்லை.

தங்கையின் வேலை பிழைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுசு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"தேனாட்டம் படிக்குது. நேத்துகூட ஒரு தேதியை போன் நம்பர்னு படிச்சுது. யாரைத் திட்டுறதுன்னுதான் தெரியல."

"என்னைத் திட்டேன்."

"உன்னைத் திட்டி என்னண்ணா ஆகப்போவுது?"

அதை அவள் கோபமே இல்லாமல் சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை.