நாறிய பிறகு வந்த கூட்டம்

கடலோரம் ஆற்றுத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் எங்கள் களப்புக்கு மேலே, ஆற்றின் குறுக்கே ஒரு பழைய அணை நிற்கிறது. வயலுக்கென்று கட்டியது. வாய்க்கால் உடைந்து, வயலெல்லாம் பற்றையாகி, கதவும் துருப்பிடித்து இறுகிவிட்டது. இப்போது அது ஒருவருக்கும் தண்ணீர் கொடுப்பதில்லை. களப்புக்கு வருவதை மறிக்க மட்டும் அதற்குத் தெரியும். அதை அகற்றுங்கள் என்று மூன்று வருடம் மனு எழுதியவள் நான். கடற்றொழில் அலுவலகம் நீர்ப்பாசனத்துக்குப் போ என்றது. நீர்ப்பாசனம் சுற்றாடல் அலுவலகத்துக்குப் போ என்றது.

"அக்கா, நிகழ்ச்சி நிரலில இல்லாததைக் கூட்டத்தில கதைக்கேலாது" என்றார், எல்லா அலுவலகமும் கூடும் பிரதேச செயலகத்துத் தம்பி.

அந்த நிரலில் எப்படி ஏற்றுவது என்று கேட்டால் சிரிப்பு. அறுவாங்கள்!

மாரியில் களப்பு முட்டி நிரம்பியதும், சுவாமியார் செபம் சொல்ல, ஆம்பிளைகள் கரை மணலை வெட்டிக் கடலுக்கு வழி திறப்பார்கள். வெள்ளம் மணலைத் தள்ளிக்கொண்டு போகும்; இறால் குஞ்சு உள்ளே வரும். அதுதான் எங்கள் சோறு. அந்த மாரி களப்பு அரைவாசிதான் நிரம்பியது. பொறுத்துப் பார்ப்போம் என்றார் என் மனுசன். நான்தான் பொறுக்கவில்லை.

"வெட்டுங்கோ! இறால் வராட்டி என்னத்தைத் தின்னுறது?"

முதல் மண்ணை அவர் வெட்டினார். இருந்த தண்ணீரும் கடலுக்கு ஓடியது. தள்ள வெள்ளமில்லாததால் இரண்டே நாளில் மணல் திரும்ப மூடிக்கொண்டது. பங்குனி வெய்யிலில் களப்பு சேறாகி, மீனெல்லாம் செத்து மிதந்தது. ஐயோ, என் அவசரம்தான் அவற்றைக் கொன்றது.

நாற்றம் பிரதான வீதிவரை போயிற்று. மூக்கைப் பொத்தியபடி அதிகாரிகள் வந்தார்கள். மூன்று வருட மனுவால் ஏறாத அணை, செத்த மீனால் நிரலில் ஏறியது.

கூட்டத்தில் கடைசி வாங்கில் இருந்தேன். நான்காவது விடயம், அணையை அகற்றுவது பற்றி ஆராய்தல். ஐந்தாவது, அனுமதியின்றிக் களப்பை வெட்டியோர். நான்காவதுக்கு ஒரு குழு போட்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். ஐந்தாவதுக்கு அன்றே முடிவு, முதல் மண் வெட்டியவர்மேல் வழக்கு.

வீட்டில் அவர் காய்ந்த வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அணைக்கு என்ன சொன்னவை?"

"பிறகு கதைப்பினமாம். முதல் வெட்டின ஆளுக்கு வழக்காம்." அழுகை வந்துவிட்டது எனக்கு. "பொலிஸ் வந்தால், வெட்டச் சொன்னது நானெண்டு சொல்லுங்கோ."

"விசர்க் கதை கதையாதை" என்றார். "நீயும் உள்ளுக்குப் போனால் அடுத்த மனுவை ஆர் எழுதுறது?"