ஏழு பூச்சு வெள்ளை

எத்தியோப்பியாவில் எங்கள் ஹரார் ஊரின் கோட்டைச் சுவருக்குள் இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் என் சுண்ணாம்புதான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் ஒரு சுவரைத் தடவிப் பார்த்தால், எத்தனை மழையைத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். கழுதைகளோடு மூட்டை சுமந்து வந்த இந்த அப்தோஷுக்கு இன்று கோட்டையின் ஷோவா வாசலில் கடை, ஊருக்கு வெளியே சொந்தச் சூளை. ஒருத்தரும் தூக்கிவிடவில்லை. ஓர் ஆளின் மேல் இருந்த கோபம் தூக்கிவிட்டது.

அந்த ஆள் வெஹிப். எனக்குப் பதினெட்டு வயதில் அவர் அப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு கொண்டுபோனேன். யாரோ தெருவைப் படம் எடுக்க வந்திருந்தார்கள். நான் தலையில் மூட்டையோடு சுவரோரம் நின்றேன்.

“டேய் மூட்டை, தள்ளி நில்லு. சுவரு அழகைக் கெடுக்காத” என்றார் வெஹிப்.

தெருவே சிரித்தது. தள்ளித்தான் நின்றேன். ஆனால் பத்து வருஷத்தில், அவர் வீட்டுக்கு எதிரே மேட்டில் இடிந்து கிடந்த வீட்டை வாங்கினேன். நல்ல வீடுகள் வேறு தெருக்களில் மலிவாகக் கிடைத்தன. எனக்கு வேண்டியது வெஹிப்பின் கண்ணெதிரே ஒரு சுவர். உயரமாகவே எழுப்பினேன்.

அங்கேதான் கோட்டைவிட்டேன். எங்கள் ஊரில் நோன்பு மாதத்துக்கு முன்னால் பெண்கள் வெளிச்சுவருக்கு நிறம் பூசுவார்கள். எந்த நிறம் என்பது அவர்கள் முடிவு. ஆண்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. என் மனைவி ரெம்லா வருஷா வருஷம் ஊதா பூசி, கீழே ஒரு முழத்துக்குப் பச்சைப் பட்டை இழுப்பாள். காலை வெயில் பட்டால் அந்த ஊதா மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். ஆனால் நம் சுவரை நாமா பார்க்கிறோம்? எதிர்வீட்டுக்காரன்தான் பார்க்கிறான். நாற்பது வருஷமாக என் பகையாளியின் கண்ணுக்கு நானே விருந்து வைத்திருக்கிறேன்.

வெஹிப் தன் வீட்டை விருந்தினர் விடுதி ஆக்கினார். மாடியில் உட்கார்ந்து ரெம்லாவின் சுவரைப் பார்த்தபடி காபி குடிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அவளையும் சுவரையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் ஒருநாள் விடுதி வாசலில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. சுவர் இருந்தது. ரெம்லா இல்லை. ஓரத்தில் அவள் செருப்பின் நுனி மட்டும் மிச்சம்.

போய்க் கேட்டேன்.

“சுவருதானப்பா வேணும்? நடுவுல ஆளு எதுக்கு?” என்றார் வெஹிப்.

அதே ஆள், அதே பேச்சு. அன்றைக்கே முடிவுகட்டினேன்: இவர் என் படியேறி வந்து கெஞ்ச வேண்டும்.

ஆனால் நிறம் ரெம்லாவின் கையில். வெள்ளை பூசலாமா என்று அவளிடம் கேட்டேன். முக்காட்டை இழுத்துக்கொண்டு போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் காபிக்கொட்டையை வறுத்தாள். கருகவிட்டாள். பிறகு கேட்டாள்: “எத்தன பூச்சு அடிச்சா கண்ணு கூசும்?”

“ஏழு.”

“உப்ப நெறையப் போடுங்க. உதிரக் கூடாது.”

சூளையில் முதல்தரமான கல்லைச் சுட்டு, ஒரு மாதம் நீற்றி, துணியில் வடிகட்டினேன். அவள் ஏழு பூச்சு பூசினாள். நோன்புக்கு வெள்ளை பூசியவளை ஹராரில் யார் குறைசொல்ல முடியும்? தெருப் பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். மறுநாள் காலை வெயில் என் சுவரில் விழுந்தது. அப்படியே எகிறி வெஹிப்பின் மாடிக்குள் பாய்ந்தது.

பெருநாள் முடிந்து விருந்தினர்கள் வந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொட்டி தின்றார்கள். எடுத்த படமெல்லாம் வெளிறிப்போனது. வெஹிப் ஜன்னலுக்குத் திரை போட்டார். திரையைப் பார்க்க யார் வருவார்கள்? மூன்றாம் வாரம் மாடி காலி.

அவர் வந்தார். கம்பை ஊன்றி என் மேட்டை ஏறி, மூச்சுவாங்க வாசலில் நின்றார்.

“அப்தோஷ், தம்பி, அந்தப் பழைய ஊதாவப் பூசச் சொல்லேன். படத்துல உன் வீட்டம்மாவயும் சேத்துப் போட்டுடறேன்.”

வெயில் சுவரில் பட்டு அவர் முகத்தில் அடித்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, கூச்சத்தினால்தான். ஐம்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை எடுத்தேன்.

“தள்ளி நில்லுங்கண்ணே. சுவரு அழகு கெடுது.”

கம்பைத் திருப்பி ஊன்றினார். இறங்கிப் போனார். கைகொடுத்து இறக்கிவிடவில்லை, அதற்காக இன்றுவரை வருத்தமும் இல்லை.

இந்த வருஷமும் வெளியே வெள்ளைதான். ஊதாவையும் பச்சையையும் ரெம்லா முற்றத்துச் சுவரில் பூசியிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்துதான் இருவரும் காபி குடிக்கிறோம்.