ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்கணும்

குத்துச்சண்டையில் ஆர்ச்சி மூரும் பிவோலும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? ஹட்டனில் இருக்கும் என் போன் ரிப்பேர் கடையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான் பேச்சு. மூர் என் வாப்பா காலத்துச் சாம்பியன், மண்ணுக்குள் போய் எவ்வளவோ வருடமாகிறது. பிவோல் இன்றைய ஆள். இரண்டு பேரும் லைட் ஹெவிவெயிட். அந்த ஒரு எடைப்பிரிவைத் தாண்டி செல்லசாமி பேசவே மாட்டார். ஹெவிவெயிட் என்று நான் வாயெடுத்தால், "அது யானைச் சண்டை, விடுங்க நானா" என்பார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

செல்லசாமி திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சாக்குத் தூக்குகிறவர். பிடிவாதத்தில் அவரை அடிக்க ஆளில்லை. மூர் கைகளைக் குறுக்கே போட்டு முகத்தை மறைப்பதைப் பழைய வீடியோவில் பார்த்துவிட்டு, "இந்தக் கதவ ஒடச்சிக்கிட்டு யாரு உள்ள போறது?" என்று கேட்பார். நான் பாப் ஃபாஸ்டரின் கட்சி. அந்த நெட்டை மனுஷனின் இடது கைக்கு முன்னால் மூரும் கிடையாது, பிவோலும் கிடையாது என்று கத்துவேன். போனைக் கொடுக்க வந்தவர்கள் அடிதடி என்று பயந்து திரும்பிப் போயிருக்கிறார்கள்.

காலம் விட்டுக் காலம் ஆட்களை மோதவிட்டால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். முன்பு சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். இப்போது முதல் நாளே பார்த்துவிடுவதால், இரவெல்லாம் தின்று குடித்து கிலோக் கணக்கில் ஏறி வந்து நிற்கிறார்கள். இது அநியாயம் இல்லையா என்று கேட்டால் மட்டும் செல்லசாமியின் குரல் இறங்கிவிடும்.

"எந்தக் காலத்து ஆளா இருந்தா என்ன நானா, ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்கணும். அப்பறம் அடிச்சுக்கட்டும்."

அதற்கு மேல் நான் வாதாடுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

அவருடைய ஒரே மகன் கிஷாந்தும் லைட் ஹெவிவெயிட்தான். அப்போதைய கணக்கில் எண்பத்தொரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் கண்டியில் ஒரு போட்டி. தோட்டத்து லயக் குடியிருப்பில் எடை பார்க்கும் மெஷின் ஏது? கொழுந்துத் தராசில்தான் மகனை ஏற்றிப் பார்த்தார். முள் எண்பத்தொன்றில் நின்றது.

அந்தத் தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டும் என்பது தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று வேறு கழிப்பார்கள். முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு போய், போட்டிக்கு முந்தின மாதம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா எல்லோருக்கும் சொன்னார்: தராசைச் சரி பண்ணியாச்சு. வேலைக்கு நின்ற பெண்கள் சிரித்தார்களாம். செல்லசாமியும் சிரித்தார். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். தோட்டம் சொல்வதை நம்பி இங்கே யார் நன்றாயிருந்தார்கள்?

ஆகவே எண்பத்தொன்றோடு இரண்டைக் கூட்டினார். மகனுக்கு எண்பத்துமூன்று என்று முடிவு கட்டிச் சோற்றை நிறுத்தினார். கொழுந்தெடுக்கிறவர்கள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் தடித்த படங்கைப் பையனின் உடம்பில் சுற்றி, வியர்க்க வியர்க்க மலையில் ஓடவிட்டார். "ஒரு ரொட்டியாவது குடுக்கட்டுமா?" என்று சண்முகவடிவு கெஞ்சியிருக்கிறாள். பெற்றவள் அல்லவா. "ஜெயிச்சிட்டு வந்து திங்கட்டும்" என்று அவளை அதட்டிவிட்டார்.

கிளம்பும்போது கொழுந்துத் தராசில் எழுபத்தெட்டு; கண்டியில் ஏறி நின்றபோதும் அதே எழுபத்தெட்டு. தராசு சரியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது ரவுண்டில் கிஷாந்த் விழுந்தான். பிறகு கண் திறக்கவே இல்லை.

அவனை விழுத்தியவன் பிரதாப், உடப்புசல்லாவை ஊர்ப் பையன். அதன் பிறகு அவன் கையுறை போடவில்லை என்று கேள்வி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லசாமி என் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவன் வந்து நின்றான். ஆட்டோ ஓட்டுகிறானாம். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"ஐயா, ஒன்னு சொல்லிட்டுப் போறேங்க. பட்டினி போட்டு நீங்களே கொன்னுட்டதா நெனச்சிக் கெடக்கிறீங்கன்னு சொன்னாங்க. அது இல்லங்க. அவன் வயிறு நெறைய சாப்பிட்டு வந்திருந்தாலும் நான்தான் ஜெயிச்சிருப்பேன். அந்த அடி என்னோடதுங்க. பாவமும் என்னோடதுதான்."

ஊரான் பிள்ளை, பழியைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு போக இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே. கொடுத்துவிடு மனுஷா, இந்தப் பாரத்தை இன்றைக்காவது இறக்கி வை என்று உள்ளுக்குள் மன்றாடினேன்.

செல்லசாமி மூரையும் ஃபாஸ்டரையும் எடைபோடுகிற அதே முகத்தோடு யோசித்தார்.

"மொத ரவுண்டுல அவன் கால் நல்லா ஓடிச்சில்ல?"

"ஓடிச்சிங்க."

"ரெண்டாவதுலதான் நின்னுபோச்சு."

"ஆமாங்க."

"சாப்பிட்டிருந்தா நின்னிருக்காது. கால் நிக்காட்டி ஒன் கைக்கு அவன் அகப்படவே மாட்டான்." தலையை மெல்ல ஆட்டினார். "இல்ல தம்பி. என் புள்ளதான் ஜெயிச்சிருப்பான். நான்தான் கெடுத்தேன். நீ மனசக் கொழப்பிக்காம வீட்டுக்குப் போ."

பிரதாப் அவர் காலில் விழப் போனான். செல்லசாமி தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டி, ஆட்டோ வரைக்கும் கூடவே போய் அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் எறிந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கண்டிச் சண்டையின் வீடியோ என்னிடம் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கால் நிற்பதற்கு முன்னாலேயே, முதல் ரவுண்டிலேயே பிரதாப்பின் கைதான் ஓங்கியிருந்தது. பையன் சொன்னது சரி, சோறு தின்றிருந்தாலும் கிஷாந்த் தோற்றிருப்பான். உயிரோடாவது வந்திருப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபாஸ்டருக்காக அவரோடு மல்லுக்கட்டுகிற நான், மகன் ஜெயித்திருப்பான் என்று நம்பிக் கிடக்கிற செல்லசாமியிடம் இதை மட்டும் சொல்லப் போவதில்லை.