ஹவ்வா உம்மாவின் மேல்மாடிக் கம்பி

கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில் மேல்மாடி வைத்த வீடு அப்போது ஒன்றே ஒன்றுதான். அது ஹவ்வா உம்மாவின் வீடு. புருஷன் கட்டிக்கொடுத்த வீடு என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராதா பின்னே? ஒன்பது வருடம் றியாத்தில் ஒரு பெரிய குடும்பத்தின் தரையைத் துடைத்து, அவர்களுடைய பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி, தான் பெற்ற ஒரே மகள் நதீராவைப் போட்டோவில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்து எழுப்பிய சுவர்கள் அவை. எங்கள் ஊர்ப்பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. அந்த வீட்டுக்காகத்தான் அவள் கடல் தாண்டிப் போனாள்.

றியாத் வீட்டின் மேல்மாடி விறாந்தையில் கறுப்பு நிறத்தில் ஒரு கம்பித்தடுப்பு இருந்தது. மேலே வேல்முனை வேல்முனையாக வெள்ளி பூசியிருக்கும். தினமும் அதைத் துணியால் துடைப்பது ஹவ்வா உம்மாவின் வேலை. துடைத்துத் துடைத்து அந்தக் கம்பியே கண்ணுக்குள் நின்றுவிட்டது. அங்கே மழை என்பது விருந்தாளி, இரும்பு இரும்பாகவே கிடக்கும். கல்முனைக் கடற்கரையில் கதவுப் பூட்டுக்கூட இரண்டு மாரி தாங்காது என்பது அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும் ஆசை விடவில்லை. திரும்பி வந்து மேல்மாடி கட்டியதும், கல்முனை பசாரில் வெல்டிங் கடை வைத்திருந்த ஷரிபுதீனைக் கூப்பிட்டு, தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டி, அதேபோல் ஒன்றைச் செய்வித்தாள்.

அவள் புருஷன் சீனிமுகம்மது மாட்டு வண்டில்காரன். நெல் மூட்டை, செங்கல், விறகு என்று எதையும் ஏற்றுவான். நல்ல மனிதன், ஆனால் வீடு பெண்சாதியின் உழைப்பு என்று ஊரார் பகிடி பண்ணும்போது தலையைக் குனிந்துகொள்வான். தன் வேர்வையும் அந்த வீட்டில் சேரவேண்டும் என்று அவனுக்கு ஒரு வைராக்கியம். ஆகவே மண் முழுவதும் அவனே கொண்டுவந்தான். ஆற்று மணலுக்கு ஏன் அலையவேண்டும், ஒழுங்கை முடிகிற இடத்தில் கடற்கரை கிடக்கும்போது? உப்பு இருக்குமே என்று கொத்தனார் முணுமுணுத்தார். ஒரு மாரி மழையில் கழுவுப்பட்டுவிடும் என்று சீனிமுகம்மது மண்ணை முற்றத்தில் குவித்து நனையவிட்டான். அதன் பிறகு அந்த மண்ணில்தான் மேல்மாடித் தரை போட்டார்கள், கம்பியின் கால்களையும் அதில்தான் புதைத்தார்கள். ஊருக்குள் புதுவீடு கட்டிய பலருக்கும் அவன்தான் அதே மண்ணை ஏற்றிக் கொடுத்தான்.

கம்பி அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கு முன்னும் ஹவ்வா உம்மாவே தூரிகையை எடுத்துக்கொண்டு குந்திவிடுவாள். துருப்பொட்டுத் தெரிந்தால் அதன் மேல் ஒரு பூச்சு, அடுத்த வருடம் அதன் மேல் இன்னொன்று. கண்ணாடி மாதிரி மினுங்கும். ஊர்ப் பெண்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து மூக்கில் விரலை வைப்பார்கள். அதற்கு ஒரு பெருமூச்சு விட்டு, எல்லாம் அல்லாஹ்வின் கிருபை என்று அடக்கமாகச் சொல்வாள். அடக்கம் வாயில் மட்டும்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் மாரி ஓய்ந்த கையோடு நதீராவுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சரீப், மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கும் றாவியாவின் மகன். அவர்களும் புதிதாக மாடி எழுப்பியவர்கள்தான். மாப்பிள்ளை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பைத்துப் பாடிக்கொண்டு ஊர்வலமாக வருவார் என்று பேச்சு. அந்த நேரம் பெண்கள் உயரத்தில் நின்று, எட்டிப் பார்த்து, குரவை இடுவது வழக்கம். பாதிப்பேர் அந்த மேல்மாடிக்காகத்தான் வருகிறார்கள் என்று நதீராவின் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

கலியாணத்தன்று காலையில் ஹவ்வா உம்மா புதுப்பாயை உதறுவதற்காக மேல்மாடி விறாந்தைக்குப் போனாள். பாயைக் கம்பியில் போட்டுக் கொஞ்சம் சாய்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள். மூலைக் கால், ஆடிக்கொண்டிருந்த பல் கழன்று வருவதுபோல், தரையை விட்டு மேலே வந்தது. பாய் கீழே முற்றத்தில் விழுந்தது. இவள் எப்படிப் பின்னால் விழுந்தாள் என்று இவளுக்கே தெரியாது. தரையில் குந்தியபடி கழன்ற காலைப் பார்த்தாள். அடியில் இரும்பே இல்லை. பெயிண்ட் தோல் மட்டும் குழலாக நின்றது, அதற்குள்ளிருந்து சிவப்புத் தூள் கொட்டியது. அஸருக்குப் பிறகு இந்த இடத்தில் எத்தனை பெண்கள் நிற்பார்கள், எத்தனை பேர் இடுப்பில் பிள்ளையோடு நிற்பார்கள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

சீனிமுகம்மது ஓடிவந்தான். அவன் போய் ஷரிபுதீனை இரவல் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தான். ஷரிபுதீன் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு காலாகத் தட்டினான். சில கால்கள் இரும்புச் சத்தம் கொடுத்தன, மற்றவை மண்பானை மாதிரிச் சத்தம் போட்டன. கால் நின்ற இடத்துச் சீமெந்தைக் கிளறினான். அது புட்டுமாவாக உதிர்ந்தது.

"ராத்தா, இதுல ஒரு காகம் குந்தினாலும் நான் பொறுப்பில்ல," என்றான். "பிழை வெளியில இல்ல, உள்ளுக்க. கடல் மண்ணு. சீமெந்துக்குள்ள இருந்தே தின்டிரிக்கி."

சீனிமுகம்மது பேயறைந்தவன் மாதிரி நின்றான். தன் வேர்வை என்று எதைப் பெருமையாக நினைத்தானோ அதுவே பெண்சாதியின் ஒன்பது வருடத்தைத் தின்றிருக்கிறது. சுவரோடு சாய்ந்து தரையில் இருந்துவிட்டான். ஹவ்வா உம்மாவுக்கும் அவனைத் திட்ட மனம் வரவில்லை. அதற்கு நேரமும் இல்லை.

இன்றைக்கே புதிதாகப் போட முடியாதா என்று கேட்டாள். எதில் போடுவது என்று ஷரிபுதீன் கைவிரித்தான். தரை ஓரத்தையே உடைத்து, நல்ல மணலில் மறுபடி போட்டு, அது இறுகிய பிறகுதான் கம்பியில் கை வைக்கலாம் என்றான். சரி, எல்லோருக்கும் சொல்லிவிடுவோம் என்றான் சீனிமுகம்மது. அவள் மறுத்துவிட்டாள். மகளுக்குக் கொடுக்கிற வீடு கலியாண நாளில் கழன்று விழுகிறது என்று ஊர் கதைத்தால் அந்தப் பிள்ளையின் முகம் என்னாவது? கழன்ற காலை அதன் குழியில் திரும்ப நட்டு, விறாந்தைக் கதவைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். தரைப் பூச்சு காயவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டங்களோடு வந்தார்கள். முன்னால் றாவியா. மணவறையைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். பிறகு விறாந்தைக் கதவில் கை வைத்தாள் றாவியா. பூச்சு காயவில்லை என்ற கதையை ஹவ்வா உம்மா சொன்னாள். றாவியாவின் முகம் மாறியது.

"என்ட மகனுக்குத் தாற ஊட்டுல எங்களுக்குக் காட்டாத இடமும் இரிக்கா மதினி?"

மணப்பெண் உடுப்பில் இருந்த நதீரா உம்மாவைப் பார்த்தாள். இனிப் பூட்டி வைத்தாலும் மானம் போகும், திறந்தாலும் போகும். பூட்டி வைத்தால் நாளைக்கு யாராவது திறந்து போய்ச் சாய்வார்கள், காட்டிவிட்டால் ஆட்களாவது மிஞ்சுவார்கள். ஹவ்வா உம்மா திறப்பை எடுத்தாள். எல்லோரையும் வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் போய், சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

ஒரு பக்கக் கம்பி முழுவதும் அப்படியே போய்விட்டது. கீழே முற்றத்தில், ஆட்கள் கட்டிவைத்திருந்த சோடனை வளைவின் மேல் விழுந்து அதை நசுக்கியது. பந்தலில் இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நல்ல காலம், வளைவுக்கடியில் யாரும் இல்லை. மேலே பெண்கள் நின்ற நிலையில் நின்றார்கள். ஒருத்தி கையிலிருந்த தட்டம் தரையில் கவிழ்ந்து உருண்டது, அதைப் பிடிக்கக்கூட யாரும் குனியவில்லை.

ஹவ்வா உம்மா மறைக்காமல் சொன்னாள். கடற்கரை மண்ணில் போட்டது, உப்புத் தின்றிருக்கிறது, இவ்வளவு காலமும் பெயிண்டைத்தான் கம்பி என்று நம்பினோம், பெண் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். றாவியா அதில் பாதியைக்கூடக் கேட்கவில்லை. அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"எங்கட ஊட்டுக்கும் உங்கட ஊட்டுக்காரர்ட வண்டில்லதான் மண்ணு வந்த," என்றாள் மெதுவாக. "புள்ளைகள் மேலதான் நிக்கிது. மாப்பிள்ள வெளிக்கிடுறத்தப் பாக்க."

அதற்குப் பிறகு யார் முதலில் ஓடியது என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. கலியாணச் சாரியும் நகையுமாகச் சம்மந்திகள் இரண்டு பேரும் செருப்பில்லாமல் ஒழுங்கையில் ஓடினார்கள். ஒழுங்கை முனைக் கடைக்காரன் எழுந்து நின்று பார்த்தான். மூன்று ஒழுங்கையும் அன்று முடியவே இல்லை என்று ஹவ்வா உம்மா பிறகு சொல்வாள்.

றாவியாவின் வீட்டு முன்னால் மாப்பிள்ளையைச் சுற்றி ஒரே கூட்டம். மேலே, மாடி விறாந்தையில், றாவியாவின் பேத்தி ஜெஸீலாவும் அவளுடைய தம்பியும் கீழ்க் குறுக்குக் கம்பியில் ஏறி நின்று, மேல் கம்பியில் வயிற்றைப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாரத்துக்குக் கம்பி வெளியே சரிந்திருந்தது. கீழே நின்ற ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. றாவியா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். ஹவ்வா உம்மா அந்த வாயை உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள்.

"கூப்பிடாதீங்க. கூப்பிட்டா எட்டிப் பாக்கும்."

ஹவ்வா உம்மா பின்கதவால் நுழைந்து படியேறினாள். கால் பதிய நடந்தால் பிள்ளைகள் திரும்பிவிடும் என்று பயம், மெதுவாக நடந்தால் அதற்குள் விழுந்துவிடும் என்று பயம். மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் போய் ஒரு கையில் ஜெஸீலாவின் சட்டையும் மறு கையில் சின்னவனின் காற்சட்டையும் சிக்க, ஒரே இழுவை. மூன்று பேரும் தரையில் விழுந்தார்கள். கம்பி கொஞ்ச நேரம் ஆடிவிட்டுச் சும்மா நின்றது. அது விழுந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. பிள்ளைகளை மார்போடு பிடித்துக்கொண்டு, சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதாள்.

கலியாணம் அன்றே நடந்தது. பெண் வேண்டாம் என்ற பேச்சை எடுக்க றாவியாவுக்கு நாக்கு இல்லை. பெண்கள் முற்றத்தில் நின்று குரவை இட்டார்கள்.

மறுநாளே சீனிமுகம்மது மண் ஏற்றிக்கொடுத்த வீடுவீடாகப் போனான். கம்பியில் சாயாதீங்க என்று சொன்னான். சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் ஏசினார்கள், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஏச்சை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் வண்டில் கடற்கரைக்கு இறங்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் ஷரிபுதீன் புதுக்கம்பி போட்டான். பழைய விளிம்பை உடைத்தெறிந்து, டிரக்டரில் வந்த ஆற்று மணலில் புதிதாகப் போட்டு, இறுகும்வரை ஈரச்சாக்கு மூடி வைத்தார்கள். இந்தமுறை கால்களைப் புதைக்கவில்லை. தண்ணீர் தேங்காமல் சின்னத் திட்டு எழுப்பி, அதன் மேல் தகடு வைத்து, போல்ட் போட்டு இறுக்கினான். துத்தநாகம் பூசிய பைப்தான். வெல்டிங் பிடித்த இடங்களில் அந்தப் பூச்சு எரிந்துவிடும் என்று, அவற்றைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பெயிண்ட் இரண்டு தடவை அடித்தான். வேல்முனை வைக்கவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள் ஹவ்வா உம்மா. பிள்ளை ஏறி நிற்கக் குறுக்குக் கம்பியும் வேண்டாம், எல்லாம் நேர்க்கம்பி, பிள்ளையின் தலை நுழையாத நெருக்கத்தில், தன் நெஞ்சுயரத்துக்கு வேண்டும் என்றாள். முடிந்ததும் சீனிமுகம்மதுவும் ஷரிபுதீனும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

இதற்குள் ஊரெல்லாம் அவள் பெயர்தான். அவள் மட்டும் றாவியாவின் வாயைப் பொத்தியிருக்காவிட்டால் இரண்டு ஜனாசா எடுத்திருக்கவேண்டும் என்று மீன் சந்தையில்கூடக் கதைத்தார்கள். அவளும் சொல்லத்தான் செய்தாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். பழைய பெருமை உடைந்த இடத்தில் அதைவிடப் பெரிய பெருமை ஒன்று முளைத்திருந்தது.

புதுக்கம்பி பார்க்க றாவியா பேத்தியோடு வந்தாள். ஹவ்வா உம்மா மறுபடியும் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெஸீலா கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, குறைப்பட்டுக்கொண்டு திரும்பினாள்.

"இது ஆடல்ல மூத்தம்மா. பழசுதான் நல்லா ஆடின."

"உங்கட ஊட்டுப் பழசா கிளி?" என்று ஹவ்வா உம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இல்ல, இந்த ஊட்டுப் பழசு. கலியாணத்துக்கு முன்ன உம்மம்மாவோட வந்த நேரம் ஆட்டிப் பாத்தன். ஆடுதெண்டு உங்களுக்கிட்டச் சொன்னன்தானே. தொடாத புள்ள, பெயிண்ட் காயல்ல எண்டீங்க."

ஹவ்வா உம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தூரிகை, பெயிண்ட் பேணி, வந்தவர்களுக்குக் கொடுத்த வட்டிலப்பம், றாவியா அன்று கட்டியிருந்த சாரி எல்லாம் ஞாபகம் இருந்தன. இந்தப் பிள்ளை சொன்னது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பிள்ளை பொய் சொல்கிறாள் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. றாவியா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.