பொடுதலையும் அரிசி மாவுக் கோலமும்

என் ஓரகத்தியை நினைத்தால், நனைந்த கோணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் வீட்டு வாசலில் அவள் வந்து நின்றதுதான் முதலில் வரும். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவள். ஒரே காம்பவுண்டில் இரண்டு குடித்தனம், நடுவில் பொதுவாக ஒரு மண் வாசல். பைக்குள் ரயில் பாதை ஓரம் பிடுங்கிய பொடுதலைக் கொடி. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச இவ்வளவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாக்கா, ஊருக்கே எண்ணெ காச்சப் போறியா?" என்றேன். "தலைக்கு இல்லடி, தரைக்கு. மண்ணைப் புடிச்சிக்கினு கெடக்கும்" என்றாள்.

காரணம் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் புருஷன், எனக்கு மாமா முறை, வாதம் வந்து பேச்சும் போய், கதவோரம் கட்டிலில் கிடந்தார். ஒவ்வொரு கன்டெய்னர் லாரி போகும்போதும் வாசல் மண் எழும்பி அவர் முகத்தில் படியும். துடைத்துத் துடைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. கொடியைத் துண்டு துண்டாக நட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டு, மழை முடிவதற்குள் பாதி வாசலை மூடிவிட்டது. மிதித்தாலும் சாகாத கொடி. சின்னச் சின்னதாக வெள்ளைப் பூ, அதைத் தேடிப் பட்டாம்பூச்சிகள். பொடி நீலம் ஒன்று, இறக்கையில் கண் போட்ட ஆரஞ்சு ஒன்று. எண்ணூர்ப் புகைக்கு நடுவே இவை எங்கே இருந்தனவோ! சுவரையே பார்த்துக் கிடந்த மாமா கழுத்தை வாசல் பக்கம் திருப்பினார். கஞ்சிக்கு வாய் திறந்தார்.

மார்கழியில்தான் சண்டை வந்தது. மீதி வாசலில் நான் பெரிய கோலம் போடுவேன். தெருவில் எல்லாரும் கல் மாவுக்கு மாறிவிட்டார்கள், நான் மாறவில்லை. அரிசியை ஊறவைத்து இடித்த மாவுதான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. மாவுக்கு வந்த எறும்பு மாவோடு நிற்கவில்லை. பொடுதலைக்குள் புகுந்து, இலை தின்றுகொண்டிருந்த கறுப்பு முள்ளுப் புழுக்களை இழுத்துக்கொண்டு போனது. ஆரஞ்சுப் பூச்சி அந்தப் புழுவிலிருந்துதான் வருகிறது என்று அவள் பார்த்து வைத்திருந்தாள். பூச்சி குறைந்தது. மாமா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"கல்லு மாவுல போடேண்டி, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

"எறும்பு துன்னத்தானேக்கா அரிசி மாவு? கல்லைப் போட்டு அதை ஏமாத்தவா?"

"எறும்பு துன்னுது. உங்க மாமா துன்ன மாட்றாரே."

மறுநாள் விடியலில் மாவை மாற்றவில்லை, இடத்தை மாற்றினேன். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் போட்டேன். வெயில் ஏறுமுன் லாரிச் சக்கரம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். "உன் கோலம் இன்னா, மணலி வரைக்கும் போவுதா?" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்தாள். "அங்க இருக்கறவங்களும் பார்க்கட்டும்னுதான் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலை ஓரகத்தி போட்ட சத்தத்தில் கரண்டியோடு ஓடினேன். மாமாவின் போர்வைமேல் ஆரஞ்சுப் பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைவிட்டுக் கண்ணெடுக்காமல் அவர் மென்றுகொண்டிருந்தார். "துன்றாருடி!" என்றாள். எங்களுக்குள் வேறு சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை.

மாமாவும் போய், அவளும் போய்விட்டாள். இன்று வாசல் முழுக்கப் பொடுதலை. போன மாதம் என் மகன், பைக் நிறுத்த சிமென்ட் தரை போடுவதாகச் சொல்லி ஜல்லி வண்டியோடு ஆளைக் கூட்டிவந்தான்.

"வண்டியை ரோட்ல வுடு" என்றேன்.

"லாரிக்காரன் ஏத்திட்டுப் பூடுவாம்மா."

"என் கோலத்து மேல இத்தினி வருசமா ஏத்திக்கினுதான் கீறான். நான் இன்னா, உள்ளயா வந்துட்டேன்?"

மகன் என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். பிறகு ஜல்லிக்காரரிடம் போய், வண்டியைத் திருப்பச் சொன்னான்.