ரைபிளுக்குக் கண்ணாடி மாட்டிய கதை

துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருந்தேன். தீப்பெட்டி ஆபீஸ் மிஷின்களுக்கு ஷாஃப்ட், புஷ், பல்சக்கரம் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஆனால் இரும்பு தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிருக்கு விலையாகப் போனது என் கண் இல்லை, இன்னொருத்தர் கண். அதனால்தான் நான் இன்னமும் வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிகிறேன்.

என் மனைவியின் அண்ணன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், குருமலைக்கும் எப்போதும்வென்றானுக்கும் நடுவில் கரிசல் நிலம் வைத்திருந்தார். மானாவாரி. உளுந்தும் பாசிப்பயறும் போடுவார். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருஷம் அடுத்தடுத்து, செடி பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம் பார்த்து மான் இறங்கியது. பன்றி வந்தால் சத்தமாவது கேட்கும். புள்ளிமான் பூனை மாதிரி வந்து கொழுந்தை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். விடிந்து போய்ப் பார்த்தால் அரைக் குறுக்கம் நிலம் மொட்டையாக நிற்கும். மனுஷன் வரப்பில் உட்கார்ந்து அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் வீட்டில் ஒரு ரைபிள் இருந்தது. பட்டாளத்தில் இருந்து வந்த அவர் அப்பா வாங்கியது. அவருக்குப் பிறகு பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் மச்சான் பேருக்கு மாறியிருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், வருஷத்துக்கு இத்தனை தோட்டாதான் என்று ஆயிரம் சட்டம். மானைச் சுட்டால் ஜெயில் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பன்றிக்கு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டோம். மச்சானுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. குழல் நுனியில் இருக்கிற குறிமுள் மங்கலாகத் தெரிகிறது என்றார். ஒரு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் தீர்ந்தது. போடமாட்டாராம், கிழவன் என்று சொல்லிவிடுவார்களாம். அதனால் துப்பாக்கிக்குக் கண்ணாடி போடுவது என்று முடிவானது. நல்ல கூத்து.

துபாயிலிருந்து வந்த ஒருவர் ஏர்கன்னுக்கு மாட்டுகிற ஸ்கோப் ஒன்று வைத்திருந்தார். சும்மாவே தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். ரைபிள் உதைக்கிற உதைக்கு அதன் உள்ளே இருக்கிற குறுக்குக் கம்பி நாலு வெடியில் அறுந்துவிடும். மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். மச்சான் ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டுகிற ஸ்கோப்பை எடுத்து, வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். நான் வாங்கிப் பார்த்தேன். மூச்சு விட்டால் பஸ்ஸே ஆடுகிறது. நாலு மடங்கே போதும் என்று அடித்துப் பேசி அதையே வாங்க வைத்தேன். கடைக்காரர், அண்ணாச்சிக்குத் தொழில் தெரியும்போல என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

தோட்டாவும் என் தேர்வுதான். கடைக்காரர் இரண்டு வகையை விளக்கினார்: முனை முழுக்கச் செம்புத் தகடு மூடினது ஒன்று, முனையில் மட்டும் ஈயம் தெரிகிறது ஒன்று. மூடின தோட்டா மானுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து, தடுக்க ஒரு மேடு இல்லாத நம்ம கரிசல் காட்டில் அடுத்த ஊர் வரைக்கும் போகும். ஈயமுனை பட்ட இடத்திலேயே விரிந்து, சிதறி, நின்றுவிடும். யார் வீட்டுப் பிள்ளை மேலாவது பட்டுவிடக் கூடாதே என்று ஈயமுனையை எடுக்கச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

கடைசியில் கிளாம்ப். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்க வேண்டுமே. துப்பாக்கி உடம்பில் துளை போட்டால் வருஷாவருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கேள்வி வரும். அதனால் துளை போடாமல், கவ்விப் பிடிக்கிற மாதிரி, வேண்டும்போது கழற்றுகிற மாதிரி கடைந்தேன். மச்சானுக்குப் பழைய குறிமுள்ளையும் விட மனசில்லை. ஸ்கோப் சரிப்படாவிட்டால் அடியில் குனிந்து அதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆகவே கிளாம்பை உயர்த்தி வைத்தேன். குழலுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் ஸ்கோப் நின்றது. ஓடைக்குள் ஒரு சீமெண்ணெய் டின்னை வைத்து இரண்டு தோட்டா போட்டுப் பார்த்தோம். இரண்டும் டின்னில். மூன்றாவதைச் செலவழிக்க மச்சானுக்கு மனசு வரவில்லை.

மார்கழியில் ஒரு நாள், கிழக்கு வெளுத்து முகம் தெரிகிற நேரம். மச்சானும் நானும் வரப்புக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தோம். நிலத்தில் பொறுக்கின கல்லையெல்லாம் வரப்பு மேலே குவிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் குவியலுக்கு இடது பக்கம், நாலு முழம் முன்னால் தள்ளி, காவல்காரர் குத்தவைத்திருந்தார். மச்சான் நிலத்துக்கு இருபது வருஷமாகக் காவல் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். பெண்டாட்டி இல்லை, ஒரே மகளைக் குளத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மான் எங்கே நிற்கிறது என்று கையைக் காட்டத்தான் அவர் அங்கே இருந்தார். அவர் கையை நீட்டிவிட்டு, தெரிகிறதா என்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். மச்சான் ஸ்கோப்பில் பார்த்தார். மான் நல்லாத் தெரியுது மாப்ளே என்று கிசுகிசுத்தார்.

தெரியத்தான் செய்யும். ஸ்கோப் நாலு விரல் மேலே இருந்தது. அதன் பார்வை கல்லைத் தாண்டிப் போய்விட்டது. குழலின் வாய்க்கு நேர் எதிரே, அந்தக் குவியலில் ஒரு கருங்கல் இருந்தது. தூரத்தைக் காட்டுகிற ஸ்கோப்புக்குக் கிட்டத்தில் இருக்கிற கல் கண்ணிலேயே படாது. இதைக் கிளாம்ப் கடைந்த நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வெடிச் சத்தம் கேட்டது, கூடவே கல் தெறிக்கிற சத்தமும் கேட்டது. மான் கூட்டம் துள்ளி ஓடிவிட்டது. காவல்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கையை விலக்கிப் பார்த்தால் பெரிய காயம் ஒன்றும் இல்லை. கன்னத்தில் கீறல், இடது கண் சிவப்பு. உள்ளே என்னமோ உறுத்துது என்றார். மச்சான் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டே புலம்பினார். ஆஸ்பத்திரியில் துப்பாக்கி என்று சொன்னால் போலீஸ், அது முடிந்தால் ஃபாரஸ்ட்காரர்கள், லைசென்ஸும் போச்சு, ஆளும் உள்ளே. எங்கள் ஊர்ப்பக்கம் உடம்பில் எந்தக் காயம் பட்டாலும் சொல்வதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: வெடி. வீட்டுக்கு வீடு வெடிமருந்தோடு புழங்குகிற ஊரில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். பன்றி விரட்ட வைத்திருந்த பட்டாசில் ஒன்றை மச்சான் தள்ளிப் போட்டு வெடித்தார். அந்தக் கரிக் காகிதத்தை எடுத்துக் காவல்காரர் கன்னத்திலும் சட்டையிலும் தேய்த்தது நான். என் கைதான். அவர் முகத்தை அசைக்காமல் காட்டிக்கொண்டிருந்தார். வெடின்னே சொல்லுதேன் அண்ணாச்சி, முதலாளிக்கு ஒண்ணும் வராது என்றார்.

கோவில்பட்டியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். என் பட்டறைப் பையன்களுக்கு இரும்புத்தூள் கண்ணில் விழுந்தால் அவரிடம்தான் அனுப்புவேன். நல்ல மனுஷன். வெடி என்று காவல்காரரே சொன்னார். டாக்டர் அவரைப் படுக்கவைத்து இரண்டு கண்ணையும் மூடி ஈரப் பஞ்சு வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தகடு, கல்லு, கம்பி எதுவும் தெறிச்சுதா? உங்களுக்குத்தான் தெரியுமே, அது உள்ள போயிருந்தா கதையே வேற."

எனக்குத் தெரியும். என்னை விட யாருக்குத் தெரியும்? வெறும் வெடி என்றால் கழுவி, மருந்து ஊற்றி, கட்டி அனுப்புவார். தகடு என்றால் அன்றைக்கே எக்ஸ்ரே, அன்றைக்கே மதுரை. ஈயமுனைத் தோட்டாவின் செம்புத் தகடு கல்லில் பட்டால் எப்படிச் சிதறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்தேன். தகடு என்று சொன்னால் எந்தத் தகடு என்று கேட்பார். பட்டறையில் தெறித்தது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லியிருந்தாலும் கண் பிழைத்திருக்கும். அந்த நேரத்தில் புத்தி அங்கே போகவில்லை. பயம் வந்தால் மனுஷன் மாடுதான்.

"இல்ல சார், வெறும் காகிதம்தான்" என்றேன்.

பன்னிரண்டு நாள். முதல் வாரம் வலி குறைந்த மாதிரி இருந்தது. மச்சான் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக் கொடுத்தார், நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தோம். பிறகு கண் வீங்கியது. தலையைச் சுவரில் முட்டுகிற அளவுக்கு வலி. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறி, மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் உளுந்தில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. செம்பாகத்தான் இருக்கும், கண் முழுக்கச் சீழ் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. முதல் நாளே வந்திருந்தால் எடுத்திருக்கலாமாம். இப்போது கண்ணையே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் நல்லாயிருக்கிற கண்ணுக்கும் ஆபத்து. எந்த வெடியில் செம்பு வைக்கிறார்கள் என்று காவல்காரரைக் கேட்டார். நாட்டு வெடிம்மா, என்னத்தையாச்சும் போட்டுக் கட்டுவானுங்க என்று அவர் பாட்டுக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மச்சான் வரவில்லை. பயறு அறுப்பு என்றார். வெட்கம், எனக்குத் தெரியும். நான்தான் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண்ணை எடுத்த மூன்றாம் நாள், கட்டிலில் உட்கார்த்தி இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"கோவில்பட்டில அந்த டாக்டரு உங்ககிட்டதான கேட்டாவ அண்ணாச்சி. தகடு தெறிச்சுதான்னு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

என் கையில் இட்லி இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் மழை பெய்யாததைச் சொல்கிற மாதிரி சொன்னார். நீங்களும் வெடி என்றுதானே சொன்னீர்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அவ்வளவு கேவலமான ஆள் நான். விழுங்கிக்கொண்டேன். இட்லி முடிந்ததும் அவர், இன்னொரு கண்ணு நிக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டு வரச் சொன்னார். அது போனால் மகள் வீட்டில் மூலையில் கிடக்க வேண்டியதுதான், அதற்கு முன்னாலேயே என் கதையை முடித்துக்கொள்வேன் என்றார்.

போனேன். அரை மணி நேரம் காத்திருந்து கேட்டேன். பயப்பட வேண்டாம், சரியான நேரத்தில் எடுத்துவிட்டோம், அந்தக் கண் நன்றாக இருக்கிறது, நிற்கும், மாதம் ஒருமுறை வந்து காட்டட்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறி வந்தேன். கண்ணு நிக்கும், டாக்டரம்மாவே சொல்லிட்டாவ என்றேன். அந்தப் பன்னிரண்டு நாளும் அதற்குப் பிறகும் நான் அவரிடம் பேசியதில் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

அவர் அந்த ஒற்றைக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தார். சரி அண்ணாச்சி என்றார். பிறகு, பக்கத்துக் கட்டிலில் தன் புருஷனுக்குத் துணையாக இருந்த, பேர்கூடத் தெரியாத அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தாயி, நீங்க ஒரு எட்டுப் போயி டாக்டரம்மாட்ட எனக்காவக் கேட்டுட்டு வாரீங்களா?"